சீற் இறக்கிய வீட்டில் எதை முதலில் சோதிப்பது?

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவுப் பகுதி எங்கும் பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை இறக்கிவிட்டுப் புதுக் கூரை போடும் வேலை நடக்கிறது. 1990இன் இடப்பெயர்வுக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சில. 2008இல் நிஷாப் புயலும் 2020இல் புரெவிப் புயலும் ஆட்டிவிட்டுப் போன கூரைகள் சில. பணம் அனுப்புகிற உறவினர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். அங்கே இந்த வேலை நடக்கும்போது அறையை மூடிக்கட்டி, பம்பி வைத்துக் காற்றைச் சோதித்து, ஒருவர் கையெழுத்து வைத்த பிறகே ஆட்களை உள்ளே விடுவதை அவர் பார்த்திருக்கிறார். ஆகவே தொலைபேசியில் கேட்கிறார்: “காத்தை ரெஸ்ற் பண்ணினியளோ? கிளியறன்ஸ் சேட்டிபிக்கற் எங்கை?”

நியாயமான கேள்விதான். ஆனால் தீவில் உள்ள சாதாரண வீட்டுக்கு அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. திறந்த வெளியில் இறக்கப்பட்ட கூரைக்குக் காற்றுச் சோதனை சொல்லக்கூடியது மிகக் குறைவு. கண்ணால் பார்க்கும் பரிசோதனை சொல்வது அதிகம், அதற்குச் செலவும் இல்லை. இந்த வரிசை தலைகீழாகும்போது பணமும் போகிறது, தூசும் வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கூரைகளில் உள்ளது சீமெந்தில் கல்நார் (பாறையிலிருந்து எடுக்கப்படும் மெல்லிய இயற்கை நார்) கலந்து அழுத்திய தகடு. நாரின் பங்கு பொதுவாக 10 முதல் 15 வீதம். மீதி சீமெந்து. நார் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அது காற்றில் வராது. கூரைக்குக் கீழே படுத்து உறங்கியதால் மட்டும் யாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், உரஞ்சும்போதும்தான் நார் விடுபடுகிறது. விடுபட்ட நார் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, இருமலும் வராது. நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

கடலோரக் கூரைக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. மழையும் உப்புக் காற்றும் மேற்பரப்புச் சீமெந்தை மெல்ல மெல்லத் தின்கின்றன. பாசி படர்ந்து கறுத்த சீற்றின் மேல் ஈர விரலை வைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மா ஒட்டினால் மேற்தோல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். விளிம்புகள் பஞ்சுபோலப் பிரிந்திருப்பது, ஆணித் துளையைச் சுற்றி வெடிப்பு ஓடியிருப்பது, பீலிக்குள் சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பது ஆகியவையும் அதையே காட்டும். இப்படிப்பட்ட கூரையைக் கழற்றும்போது புதுச் சீற்றைவிட இரட்டிப்புக் கவனம் வேண்டும். சீற்றில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கல்நார் சேராத நார்ச் சீமெந்துத் தகடுகளும் இன்று சந்தையில் உண்டு. வாங்கிய பற்றுச்சீட்டு கையில் இல்லாத பழைய சீற் எல்லாவற்றையும் கல்நார் என்றே கொள்ளுங்கள். அதுவே சிக்கனமான வழி.

உறவினர் சொல்லும் வெளிநாட்டு முறையையும் சற்றுப் பார்ப்போம். பிரித்தானியாவில் கட்டடத்துக்கு உள்ளே, எளிதில் உதிரும் கல்நாரை அகற்றிய பிறகு நான்கு கட்டப் பரிசோதனை நடக்கிறது. முதலில் வேலை முழுதாக முடிந்ததா, சுற்றுப்புறம் துப்புரவா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது, மூடிக்கட்டிய அறைக்குள் அங்குலம் அங்குலமாகக் கண்ணால் பார்ப்பது. மூன்றாவதுதான் காற்று. நான்காவது, மறைப்பைக் கழற்றிய பிறகு இன்னொரு தடவை பார்ப்பது. இரண்டாம் கட்டத்தில் தூசு கண்டால் பம்பியைத் தொடவே மாட்டார்கள், திரும்பத் துடைக்கச் சொல்வார்கள். காற்றின் எல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 0.01 நார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 278/05 இலக்க ஒழுங்குவிதியும் மிக அபாயமான வகை வேலைக்கு அதே 0.01ஐத்தான் கேட்கிறது.

0.01 என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஒரு கன மீற்றர் காற்றுக்குக் கணக்கிட்டால் 10,000 நார். அதற்குக் கீழே வந்தால் ஆயுள் முழுவதும் சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அந்த எண் சொல்லவில்லை. அந்த வேளையில் அந்த அறை ஒழுங்காகத் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். வழமையான அளவு மாதிரியில் கருவி உறுதியாக எண்ணக்கூடிய மிகச் சிறிய அளவும் அதுவே.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கூரை இறக்கியாயிற்று. மேலே வானம். சோளகம் வீசுகிறது. அந்த முற்றத்தில் பம்பி வைத்துக் காற்றை இழுத்தால் கிடைப்பது பாக்குநீரிணைக் காற்றின் அளவீடு. நிலத்தில் கிடக்கும் துண்டையோ சுவர் விளிம்பில் படிந்த மாவையோ அது காட்டாது. பிரித்தானியாவிலேயே, உடையாமல் இறக்கப்படும் சீமெந்துச் சீற்றுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தகாரர் பெரும்பாலும் தேவையில்லை, நான்கு கட்டச் சான்றும் கேட்கப்படுவதில்லை. தகுந்த ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும். இதை உறவினரிடம் சொல்லுங்கள். அங்கே விசாரித்தால் அவருக்கும் தெரியவரும்.

பரிசோதனை நன்றாக அமைய வேண்டுமானால் இறக்கும் வேலை நன்றாக நடந்திருக்க வேண்டும். காற்று அடங்கிய காலத்தைத் தேர்ந்தெடுங்கள். கச்சதீவுத் திருவிழா வருகிற மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. சோளகம் தொடங்கிய பிறகு தள்ளமுடியாத வேலையானால் விடியற்காலையில் செய்யுங்கள். சீற்றின் இரு பக்கத்தையும் நனைக்க வேண்டும். குடிநீரை வீணாக்க வேண்டாம், உவர்க் கிணற்று நீர் போதும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டால் ஈரம் நன்றாகப் பிடிக்கும். தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் முதுகுப் பம்பியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். மெல்லிய தூறலாக வேண்டும், பீச்சியடிக்கக் கூடாது. கொளுக்கி போல்ட்டை வெட்டி எடுத்து, சீற்றை முழுதாக இருவர் பிடித்துக் கைமாற்றி இறக்குங்கள். மேலிருந்து போடாதீர்கள். லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று சுத்தியலால் உடைப்பதுதான் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு. நாள் முழுக்க எடுத்த கவனம் அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது.

நாரைவிட உடனடியான ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய சீற் மனிதப் பாரத்தைத் தாங்காது. நனைத்த சீற் வழுக்கும். சீற்றின் மேல் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கைமரங்களுக்குக் குறுக்கே தடித்த பலகை போட்டு, அதன் மேல் நின்றே வேலை செய்ய வேண்டும். நார் கொல்ல இருபது ஆண்டு எடுக்கும், தவறி விழுந்தால் அன்றைக்கே முடிந்துவிடும்.

கோவிட் காலத்து நீல முகக்கவசமும் முகத்தில் கட்டிய சாரமும் நாரைத் தடுக்காது. எஃப்எஃப்பி-3 அல்லது பி-100 என்று அச்சிட்ட கவசம் வேண்டும். அது கன்னத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வேலை உடுப்பை உதறாமல் அங்கேயே நனைத்துக் கழற்றி, வீட்டார் உடுப்போடு சேர்க்காமல் துவையுங்கள். கணவனின் வேலை உடுப்பைப் பல ஆண்டு உதறித் துவைத்த மனைவிமாருக்கு இந்த நோய் வந்ததை மருத்துவ உலகம் நீண்ட காலமாக அறியும்.

இனிப் பரிசோதனை. வேலை செய்தவர் தன் வேலையைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பது முதல் விதி. ஒப்பந்தகாரர் கூட்டிவரும் ஆளும் வேண்டாம். கூலிக்கணக்கு முடிக்கும் முன், வீட்டுக்காரர் சார்பில் ஒருவர் பார்க்க வேண்டும். ஊரில் நம்பிக்கையான மேசன், கட்டடத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்ற ஒருவர் கிடைத்தால் நல்லது. எல்லாம் உலர்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஈரத் தரையில் தூசு தெரியாது. சில இடங்களில், பார்க்க வருகிற நேரத்தில் சுவருக்குச் சுண்ணாம்போ பெயின்ற்றோ அடித்து வைத்திருப்பார்கள். அடியில் தூசு இருந்தால் அது அப்படியே ஒட்டி மறைந்துவிடும், பிறகு உரியும்போது வரும். பரிசோதனைக்கு முன் எந்தப் பூச்சும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாலையில், வெளிச்சம் குறைந்த பிறகு, ரோச் லைற்றைத் தரையோடும் சுவரோடும் சரித்துப் பிடித்துப் பாருங்கள். நேரே அடித்தால் தெரியாத தூசு சரிந்த ஒளியில் தெரியும். கறுப்புத் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலும் தெரியும். சீற் தங்கியிருந்த சுவரின் மேல் விளிம்பு, கைமரத்தின் மேற்பக்கம், சிலாகை பொருந்தும் மூலை, போல்ட் துளை, மின்வயர்க் குழாயின் மேல், அலுமாரித் தலை, சாமிப்படத்தின் பின்புறம் என்று கை போகாத இடம் எல்லாம் பாருங்கள். தூசு கண்ட இடத்தை விளக்குமாற்றால் கூட்டவோ தும்புத்தடியால் தட்டவோ வேண்டாம். வீட்டு வக்கியூம் கிளீனரும் கூடாது, அதன் பை நாரைப் பிடிக்காமல் மறுபக்கத்தால் ஊதிவிடும். ஈரத் துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, துணியையும் கழிவோடு சேருங்கள்.

வெளியே முற்றத்தையும் கோடிப்புறத்தையும் சுவரிலிருந்து நாலைந்து மீற்றர்வரை நடந்து பாருங்கள். சீற் அடுக்கி வைத்த இடம், வாகனம் நின்ற இடம், அங்கிருந்து படலைவரையான பாதை ஆகியவற்றில்தான் துண்டுகள் அதிகம் கிடக்கும். நக அளவு துண்டானாலும் பொறுக்குங்கள். கோழி கிளறும், பிள்ளை எடுத்துச் சுவரில் கீறி விளையாடும், அடுத்த வண்டி ஏறி அரைக்கும். கூரை நீர் சொட்டிய கோட்டில் மண் சாம்பல் நிறமாக இருந்தால் மேல் மண்ணை நனைத்து நாலு விரல் ஆழத்துக்கு எடுத்துவிடுங்கள். கிணறு வீட்டோடு அணித்தாக இருந்தால் வேலைக்கு முன்பே மூடியிருக்க வேண்டும்.

தீவுப் பகுதிக்கே உரிய இன்னொரு இடம் மழைநீர்த் தொட்டி. நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் இடத்தில் கூரை நீரைச் சேமிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. விழுங்கும் நார் நோய் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால், உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் கல்நாருக்கு வரம்பு எண் எதையும் வகுக்கவில்லை. ஆகவே இத்தனை காலம் குடித்தோமே என்று கலங்க வேண்டாம். தொட்டியின் அடியில் படிந்த சேறுதான் பிரச்சினை. கோடையில் தொட்டி வற்றி அந்தச் சேறு காய்ந்து, ஒருவர் உள்ளே இறங்கிக் கூட்டினால், மூடிய இடத்தில் நார்த்தூசைச் சுவாசிக்கிறார். பழைய கூரை போன கையோடு, சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்துப் பையில் கட்டுங்கள். பீலியையும் அப்படியே.

காற்றுச் சோதனை தேவையே இல்லையா என்றால், சில இடங்களில் தேவை. மூடிய அறைக்குள் கிரைண்டரால் சீற் வெட்டியிருந்தால், பாடசாலை மண்டபத்திலோ சிகிச்சை நிலையத்திலோ கல்நார்ச் சீலிங் உடைந்து உள்ளே தூசு பரவியிருந்தால், பழைய இயந்திர அறையில் குழாய்களைச் சுற்றிய உதிரும் காப்பு இருந்தால், அங்கே துப்புரவாக்கிக் கண்ணால் பார்த்த பிறகு காற்றையும் சோதிப்பது முறை. சோதனை நடப்பது இப்படி. சிறு பம்பி ஒன்று 25 மில்லிமீற்றர் வட்ட வடிகட்டித்தாள் வழியாகக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 8 லீற்றர் வீதம் ஒரு மணிநேரம் இழுத்தால் 480 லீற்றர். 0.01 என்ற எல்லையை நம்பி அளக்க இந்தக் கொள்ளளவு வேண்டும். இழுக்கும்போது அறையை அசையாமல் விட்டால் தூசு தரையிலேயே கிடக்கும். எனவே தரையையும் தட்டுகளையும் தூரிகையால் கலைத்துவிடுவார்கள். பிறகு தாளைத் தெளிவாக்கி, கட்டவேறுபாட்டு நுண்ணோக்கியின் (ஒளியின் கட்ட வேறுபாட்டால் நிறமற்ற நாரையும் காட்டும் கருவி) கீழ் வைத்து, 5 மைக்கிரோமீற்றரைவிட நீளமாகவும் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீளமாகவும் உள்ள நார்களைப் பயிற்சி பெற்றவர் எண்ணுவார்.

இந்தக் கருவி நாரை எண்ணும், எந்த நார் என்று சொல்லாது. தும்பு, பஞ்சு, பனைநார் எல்லாம் கணக்கில் ஏறலாம். எண் கூடினால் உடனே பதற வேண்டாம், இலத்திரன் நுண்ணோக்கியில் அதே தாளைப் பார்க்கச் சொல்லலாம். குறிகாட்டுவான் வரை படகிலும் அப்பால் பஸ்ஸிலும் போகிற மாதிரி வழியில் கெடாமலிருக்க, வடிகட்டித்தாள் இருக்கும் கிண்ணத்தை மூடி முகம் மேலே பார்க்க நிமிர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். றெஜிபோம் பெட்டியில் வைக்கக் கூடாது, அதன் நிலைமின்னேற்றம் நாரைத் தாளிலிருந்து இழுத்துவிடும். பணம் கொடுக்கும் முன் எந்த ஆய்வுகூடம் எண்ணப்போகிறது, எந்த முறையில், எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். அறிக்கையில் பம்பியின் தொடக்க, முடிவு ஓட்டவீதம், எண்ணிய புலங்கள், காற்று இழுக்காத ஒப்பீட்டுத் தாளின் முடிவு, பம்பி வைத்த இடத்தின் வரைபடம், கண்பரிசோதனை முடிந்த திகதி ஆகியவை இருக்க வேண்டும். முடிவு “0.01க்குக் குறைவு” என்று வந்திருந்தால் சரி. “பூச்சியம்” என்று வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த முறையால் பூச்சியம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கையடக்க பிஎம் 2.5 கருவியைக் காட்டி “காற்று பச்சையில் இருக்கிறது” என்பதற்கும் இங்கே பொருள் இல்லை. அது தூசின் அளவைச் சொல்லும், நாரை அடையாளம் காணாது.

தெரியாமல் ஒரு நாள் சீற் உடைத்துவிட்டீர்களா? அந்த ஒரு நாளுக்காக ஸ்கான் எடுக்க ஓடத் தேவையில்லை. ஒரு தடவைத் தூசால் வரும் கூடுதல் ஆபத்து மிகச் சிறியது. இன்று எடுக்கும் படத்தில் எதுவும் தெரியவும் மாட்டாது. பல ஆண்டு சீற் வெட்டிய மேசன்மாரும் தச்சர்களும் வேறு. மூச்சு வாங்கல், விடாத வரட்டு இருமல், நெஞ்சுக் கனம் இருந்தால் யாழ். போதனா வைத்தியசாலையில் காட்டி, தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைத்தியர் அதை ஊகிக்க முடியாது. புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கல்நாரும் சிகரெட்டும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. பனங்கட்டி தின்றால் தூசு கரையும், வாழைப்பழம் இழுத்துக்கொண்டு போகும், பால் கழுவும் என்பார்கள். வயிற்றுக்குப் போவது நுரையீரலைக் கழுவாது. ருசிக்காகச் சாப்பிடுங்கள், கவசத்துக்குப் பதிலாக வேண்டாம்.

கூரை மாற்றுபவர் திரும்பவும் கல்நார்ச் சீற்றையே வாங்குவதையும் பார்க்கிறேன். கடையில் இருக்கிறதே, தடை வந்ததாகச் சொன்னார்களே என்று கேட்பார்கள். இலங்கை அரசு 2018 ஜனவரியிலிருந்து கல்நார் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது உண்மை. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்குக் கல்நார் விற்கும் முதன்மை நாடும் அதுவே. சில நாட்களில் இங்கே கல்நார்த் தடை தள்ளிப்போடப்பட்டது, அங்கே தேயிலைத் தடை நீக்கப்பட்டது. ஆகவே கடையில் இருப்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. ஓடு போட முடிந்தால் போடுங்கள். முடியாதவர் துருப்பிடிக்காப் பூச்சுள்ள தகடு போடலாம். உப்புக் காற்றுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள்.

இறக்கிய சீற்றை என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எரிக்க வேண்டாம், சூட்டில் வெடித்துச் சிதறும். பாழ்கிணற்றிலும் கடலிலும் போட வேண்டாம். ஒழுங்கைக் குழி நிரப்ப நொறுக்க வேண்டாம். ஆட்டுக் கொட்டிலுக்கு அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், அது ஆபத்தை வேலிக்கு அப்பால் தள்ளுவது மட்டுமே. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பயணிகள் படகில் ஏற்றவே கூடாது. முழுச் சீற்றுகளை நனைத்து, 0.2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, “கல்நார், உடைக்க வேண்டாம்” என்று எழுதி, கூரையுள்ள மூலையில் வையுங்கள். அப்படி இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. அவசரப்பட வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே உங்கள் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. நயினாதீவு, புங்குடுதீவுக்காரருக்கு அது வேலணைப் பிரதேச சபை.

புதைக்கச் சொன்னால் ஒரு மீற்றருக்குக் குறையாமல் மண் மூட வேண்டும். நெடுந்தீவில் நாலு வெட்டு வெட்டினால் கல் தட்டுப்படும் இடங்கள் அதிகம், ஆழம் கிடைக்காத இடத்தில் புதைக்காமல் சுற்றி வைத்திருப்பதே மேல். புதைத்தால், இரண்டு மதில் மூலைகளிலிருந்து குழிவரையான தூரத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து, திகதி, சீற்றுகளின் எண்ணிக்கை, பரிசோதித்தவர் பெயர், நாலைந்து படங்கள் ஆகியவற்றோடு காணி உறுதியுடன் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியைப் பணம் அனுப்பியவருக்கும் அனுப்புங்கள். நாளைக்குக் காணி கைமாறி, புதிதாக மலசலகூடக் குழி வெட்ட வருகிறவர் அலவாங்கை எங்கே போடக் கூடாது என்று அந்தத் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.